ஊர் வேம்புலி, பேர் துலுக்கானம்

சிறை
13.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சரண் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நீயும் அப்பாவும் சுகமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கம்பெனியில் உட்கார ஒரு ஸ்டூல் கேள் என்று சொன்னேனே, சூப்பர்வைசரிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். என்னிடம் மட்டும்தான் உனக்கு வாய் நீளும்.

உள்ளே வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இங்கே போன் பேச விடுகிறார்கள். ஆனால் போன தடவை கிடைத்த நிமிடமெல்லாம் நீ அழுததிலேயே போய்விட்டது. அதனால் இனிமேல் கடிதம்தான். கடிதத்தில் நீ அழுதால் எனக்குக் கேட்காது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கஞ்சி வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். இங்கே பிளாக்குக்கு ஒரு ஒலிபெருக்கி வைத்து ரேடியோ போடுவார்கள். வழக்கமாகச் சினிமாப் பாட்டுதான் ஓடும். நேற்று யாரோ ஸ்டேஷனை மாற்றிவிட்டார்கள். பத்து மணிக்கு அப்பா நிகழ்ச்சியின் அந்தத் தவில் சத்தம் வந்தது. பிறகு அப்பா. "மண்ணூர்பேட்டை மாடிலேர்ந்து நம்ம ஜமா. நா வேம்புலி பேசறேன். இது பதிவு கெடையாது, நேரலை. தப்பா பேசினா தப்பாவே கேட்டுக்கோங்கோ."

அடுத்து துலுக்கானம் மாமா பேசினார். என் கையிலிருந்த தட்டு கீழே விழுந்துவிட்டது.

மாமா போன பிறகு அப்பாவே இரண்டு குரலிலும் பேசுகிறார் என்று நீ சொல்லித் தெரியும். ஆனால் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பெயிலில் வீட்டில் இருந்த ஒன்றே முக்கால் வருஷமும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் வெளியே கிளம்பிவிடுவேன். இங்கே எங்கே கிளம்புவது?

என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து செத்துப்போன மனிதர், அதே கரகரப்போடு, அதே இழுப்போடு சிரிக்கிறார். பக்கத்தில் இருந்த அமீருக்கு, அவர் பூந்தமல்லிக்காரர், நான்தான் விளக்கிச் சொன்னேன். அப்பாவும் அவர் கூட்டாளி மாமாவும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சி, பாட்டு கேட்டுக் கார்டு போட்டவர்களின் ஊரை ஒருவர் படிப்பார், பேரை இன்னொருவர் படிப்பார், பத்து வருஷமாக அதுதான் முறை என்று. ஊர் என்றால் வேம்புலி. பேர் என்றால் துலுக்கானம். பேரைப் படித்ததும் மாமா "இன்னா நைனா, துன்னியா?" என்று சாப்பாட்டை விசாரிப்பார். அதற்காகவே ஜனங்கள் கார்டு போடுவார்கள். அமீர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன் அக்கா. அப்புறம் மதியம் வரைக்கும் மரத்தடியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்பா என்னைப் பற்றிக் கேட்டாரா? எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
சரண்

மண்ணூர்பேட்டை
26.1.2025

அன்புத் தம்பி சரணுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். அம்மா போனபோது உனக்குப் பத்து வயது. அன்றிலிருந்து தட்டைப் போட்டு உன் பின்னால் அலைந்தவள் நான். நீ வேளைக்குச் சாப்பிடுகிறவனா என்று எனக்குத் தெரியாதா?

ஸ்டூல் கேட்டேன். அடுத்த மாதம் தருகிறார்களாம்.

நீ மரத்தடியிலேயே கிடந்தாய் என்று படித்ததும் எனக்கு அப்பாமேல் கோபம் வந்தது. ஆனால் அவர் விரும்பி இதைச் செய்யவில்லை, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மாமா காரியம் முடிந்து மூன்று மாதம் ஜமா நின்றுதான் போயிருந்தது. ராஜம்மா அத்தைதான் வீட்டுக்கு வந்து, "ஒரு தபா அவரு மாதிரி பேசு அண்ணாத்தே, கேக்கறேன்" என்றார். அப்பா பேசினார். அத்தை சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு அவரு ஊட்டுக்கு வந்துட்டு போற மாதிரி கீது. உட்டுடாத" என்றார். கட்டினவளே கேட்ட பிறகு அப்பா எப்படி விடுவார்? இப்போது அத்தை ஞாயிறுதோறும் காட்டுப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார். கார்டுகளைப் பிரித்து, அடுக்கி, அப்பா கையில் கொடுக்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து புருஷன் குரலைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுகிறார்.

நிகழ்ச்சி முடிந்து அப்பா சாயங்காலம் வரை பேசுவதில்லை. தொண்டை வலி என்கிறார்.

உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. மனு போட்டுப் பார்க்க அடுத்த மாதம் வருகிறேன். குளிர் விடும் வரை காதைக் கட்டிக்கொண்டு படு.

அன்புடன்,
அக்கா ஜோதிகா

சிறை
10.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சரண் எழுதுவது. நலமே. சாப்பாடும் ஒழுங்காக நடக்கிறது. உன் முதுகுக்கு ஸ்டூல் வரப்போவது அறிந்து சந்தோஷம். என் வாழ்க்கையில் நான் சொல்லி நடந்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு உதவி வேண்டும். இத்துடன் ஒரு கார்டு வைத்திருக்கிறேன். ஜமாவுக்கு. எந்தப் பாட்டு வேண்டுமானாலும் போடட்டும். பேரைப் படித்தால் போதும்.

பெயிலில் இருந்த நாளெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். "அவன சாப்ட சொல்லு" என்பார், உன்னைப் பார்த்து. "கதவ சாத்திக்க சொல்லு" என்பார், சுவரைப் பார்த்து. என் பேர் அவர் வாயில் வரவே இல்லை. கோர்ட்டில் தீர்ப்பு சொன்ன அன்று நான் திரும்பிப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரத்துக்கு நாற்பது ஐம்பது பேரின் பேரைப் படிக்கிறார். ஆவடியில் டீக்கடை வைத்திருக்கிற யாரோ கோவிந்தனுக்குக் கிடைக்கிறது. என் பேரையும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக, யாரோ எவரோ மாதிரி படிக்கட்டும். மன்னித்தேன் என்று சொல்ல வேண்டாம். என்னால் ஞாயிற்றுக்கிழமைகளைத் தாண்ட முடியவில்லை அக்கா. அதைத் தாண்ட ஒரு பிடி வேண்டும். அவ்வளவுதான்.

அப்பாவுக்குத் தொண்டைக்கு மிளகு கஷாயம் வைத்துக் கொடு.

உன் தம்பி,
சரண்

மண்ணூர்பேட்டை
2.3.2025

அன்புத் தம்பி சரணுக்கு,

நாங்கள் நலம். உன் நலம் அறியக் காத்திருக்கிறேன். வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

உன் கடிதம் வந்தது. கார்டை மட்டும் காணவில்லை. உறையில் வைக்க மறந்துவிட்டாயோ, அங்கேயே எடுத்துவிட்டார்களோ தெரியவில்லை. போன ஞாயிறு கார்டும் அதிகம். வேலப்பன்சாவடிக் காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் வந்து நேரலையில் பாட்டுப் பாடி, பாதியில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, மறுபடி முதலிலிருந்து பாடி, நேரமே போய்விட்டது. பாதிக் கார்டு அப்படியே நின்றுவிட்டது.

ஸ்டூல் வந்துவிட்டது. ஒரு கால் ஆடுகிறது. வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
அக்கா

சிறை
17.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சரண் எழுதுவது. நான் நலம். நீ நலமா?

இங்கே இருப்பவர்கள்மேல் பழி போடாதே. அந்தக் கார்டை உன் கடிதத்தில் வைத்ததோடு நான் நிற்கவில்லை. வாரம் ஒன்றாக இன்னும் நாலு கார்டு நேராக ஸ்டேஷன் விலாசத்துக்கே போட்டேன். அமீர் ஒன்று போட்டார். அவர் பேர் போன ஞாயிறு வந்தது. "பூந்தமல்லிலேர்ந்து… அமீர் பாய், துன்னியா?" என்று கேட்டதும் பிளாக்கே விசில் அடித்தது. அவர் அன்றைக்கு முழுக்கப் புது மாப்பிள்ளை மாதிரி திரிந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நேற்றோடு இரண்டு வருஷம். காலண்டரில் தேதி வேறு. ஆனால் அது மார்ச் மாதத்து மூன்றாவது ஞாயிறு. சனிக்கிழமை ஆவடியில் நண்பன் வீட்டு விசேஷத்தில் குடித்துவிட்டு, விடிந்த பிறகும் இரண்டு பாட்டில் போட்டுவிட்டு, நிகழ்ச்சி முடிகிற நேரத்துக்கு ஸ்டேஷன் மாடிக்கு வந்தேன். அப்பா வண்டிச் சாவியைக் கொடுத்து மாமாவைக் காட்டுப்பாக்கத்தில் விட்டுவரச் சொன்னார். ஒரு ஹெல்மெட்தான் இருந்தது. மாமாவே அதை என் தலையில் மாட்டி, வாரை இறுக்கினார். "உங்கப்பனுக்கு நீ ஒரே ஆம்பள புள்ள, எனக்கு என்ன, நா போனா ராஜம்மா நிம்மதியா தூங்குவா" என்று சிரித்தார். வேலப்பன்சாவடி தாண்டும்போதும் ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டு வந்தார். நான் சிரிக்கத் திரும்பினேன். மீடியனில் ஏற்றினேன்.

இதையெல்லாம் கோர்ட்டில் அப்படியே சொன்னேன். சொல்லாதது ஒன்றே ஒன்று உண்டு. அது அப்படியே இருக்கட்டும்.

கார்டு என்ன ஆனது என்று உண்மையை எழுது. எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

உன் தம்பி,
சரண்

மண்ணூர்பேட்டை
30.3.2025

அன்புத் தம்பி சரணுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ நலமாக இருக்க வேண்டும்.

பொய் சொல்லத் தெரியாது என்று எழுதிவிட்டு அடுத்த கடிதத்திலேயே பொய் சொன்னேன். மன்னித்துக்கொள். உன் ஐந்து கார்டும் வந்தன. ராஜம்மா அத்தை கார்டு அடுக்குகிறவர் என்பதால் அவர் கண்ணில் படாமல் நான் முன்கூட்டியே எடுத்துவிட்டேன். முதல் கார்டை அப்பா கையிலேயே கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உன் கையெழுத்தை விரலால் தொட்டார். பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் சும்மா விடவில்லை. நீங்கள் பெற்ற பிள்ளை, ஒரு பேர், மூன்று எழுத்து, படித்தால் வாய் வெந்தா போய்விடும் என்று கத்தினேன். அப்பா கத்தவில்லை.

"ஊரு நா படிப்பேன். பேரு அவன் படிக்கணும். அதான மொற? நா வந்து அவன் கொரல எடுத்து, அவன் வாயால, அவன சாவடிச்சவன் பேர சொல்லி, துன்னியான்னு கேக்கவா? ராஜம்மா எதிர்ல ஒக்காந்துனு கீறா ஜோதி. எப்டி கேக்கறது?"

உன்னையும் என்னையும் யோசித்த நான் அதை யோசிக்கவே இல்லை. நீயும் யோசிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்பா வாயால் உன் பேர் வேண்டும் என்று கேட்டாய். ஜமாவில் பேர் அப்பாவுடையது இல்லை.

கோபப்படாதே. நேரில் வந்து பேசுகிறேன். ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

சிறை
8.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

அப்பா சொன்னது சரிதான். அவரிடம் சொல்லிவிடு, நான் கேட்டது தப்பு. இனிமேல் கார்டு போட மாட்டேன்.

நீ மனு போட்டு வர வேண்டாம். ஒரு நாள் சம்பளம் போகும், முதுகும் வலிக்கும். பீரோவில் என் நீலச் சட்டை புதுசாகவே இருக்கிறது. ஸ்டேஷனில் மெஷின் பார்க்கிற ஜீவாவுக்குச் சரியாக இருக்கும், கொடுத்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

சரண்

மண்ணூர்பேட்டை
4.5.2025

தம்பி சரணுக்கு,

நலமா என்று கேட்டு இது மூன்றாவது கடிதம். இரண்டுக்குப் பதில் இல்லை. போன வாரம் லீவு போட்டு வந்தேன். மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, அவன் பார்க்க விரும்பவில்லை என்று காக்கி போட்ட ஒரு அம்மா வந்து சொன்னார். அந்த அம்மாவையே பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

நீலச் சட்டையை யாருக்கும் கொடுக்க மாட்டேன். பூட்டி வைத்திருக்கிறேன். வந்து நீயே போட்டுக்கொள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

சிறை
12.5.2025

சகோதரி ஜோதிகாவுக்கு,

பூந்தமல்லி அமீர் எழுதிக்கொள்வது. தாங்களும் தகப்பனாரும் நலமாக இருக்க அல்லாவிடம் வேண்டுகிறேன். முகம் தெரியாதவன் எழுதுகிறேன் என்று பயப்பட வேண்டாம். சரணுக்குப் பக்கத்தில் படுத்தவன். இப்போது இங்கே மருத்துவமனையில் வார்டு வேலை பார்க்கிறேன். அவனுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று உங்களுக்கு எழுதுவானாம். எனக்குத் தெரிந்து இரண்டு மாதமாகப் பாதித் தட்டு. ஏப்ரல் பிறந்த பிறகு அதுவும் இல்லை. கேட்டால் பசிக்கவில்லை என்பான். பத்து நாளைக்கு முன் மயங்கி விழுந்து இங்கே கொண்டுவந்தார்கள். பாட்டில் ஏற்றுகிறார்கள். அது இறங்கும் வரை தெம்பாக இருக்கிறான், மறுபடி பழைய கதை. டாக்டர் திட்டினார், கெஞ்சினார், ஆலோசனை சொல்ல ஆள் அழைத்து வந்தார். பட்டினிப் போராட்டமா என்று கேட்டால், "யார எதிர்த்து பாய் போராடறது?" என்கிறான். வாயருகே கொண்டுபோனால் துலுக்கானம் மாமா துன்னியா என்று கேட்கிற மாதிரி இருக்கிறதாம். சோறு இறங்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்கிறான். ஒலிபெருக்கி அங்கே கேட்கும். பேர் படித்து முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

எனக்கும் ஒரு தம்பி உண்டு. ஏதாவது செய்யுங்கள் சகோதரி. நாள் அதிகம் இல்லை.

துஆவுடன்,
அமீர்

சிறை வாசல்
17.5.2025, சனிக்கிழமை

என் தம்பி சரணுக்கு,

நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. உன்னால் எழுந்து வர முடியாது என்றும், என்னை உள்ளே விட இன்று முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். டாக்டர் வெளியே வந்து நின்று பேசினார். இதை உன் கையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். காம்பவுண்டு நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கண்ணுக்கு முடியாவிட்டால் அமீர் அண்ணனைப் படிக்கச் சொல்.

அமீர் அண்ணன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே பஸ் ஏறினேன். காட்டுப்பாக்கம் போனார். ராஜம்மா அத்தை வீட்டில் உட்காரக்கூட இல்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னார்.

"வாட வந்துச்சு ராஜம்மா. அன்னிக்கு அவன் கிட்ட வந்து நிக்கசொல்லவே குடிச்ச வாட வந்துச்சு. தெரிஞ்சுதான் சாவிய குட்த்தேன். அடுத்த ப்ரோக்ராமுக்கு ஆளுங்க வந்துட்டாங்கோ, இவன்கிட்ட மல்லுக்கு நிக்க நேரமில்லன்னு குட்த்தேன். என் புள்ள உள்ள கீறான். நா வெளிய ஒக்காந்துனு உன் புருஷன் மாதிரி சிரிச்சுனு கீறேன்."

நீ சொல்லாமல் விட்ட ஒன்று இதுதானா தம்பி? கோர்ட்டில் வக்கீல் எத்தனை தடவை கேட்டார், யார் வண்டியைக் கொடுத்தது, அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று. தெரியாது என்று சொன்னாயே. ஏன்டா சொல்லவில்லை? அப்பா உன் முகத்தைப் பார்க்காமல் இருந்தது உன்மேல் இருந்த கோபம் என்று நானும் நம்பிவிட்டேனே.

அத்தை எழுந்து வந்து கதவைப் பிடித்தார். பிறகு, "இனிமே என் ஊட்டுக்காரர் கொரல்ல பேசாத. ஸ்டேசனுக்கும் நா வரமாட்டேன்" என்றார். நான் குறுக்கே போய், அத்தை, சரண் சாப்பிடாமல் சாகக் கிடக்கிறான் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

நாளை ஜமா உண்டு. அப்பா எப்படிப் பேசப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. உன் பேர் வருமா என்றும் தெரியாது. வரும் என்று மறுபடி ஒரு பொய் எழுத எனக்குத் தெம்பு இல்லை. நீ கேட்க வேண்டும். நாளை பத்து மணிக்கு நீ உயிரோடு இருந்து கேட்க வேண்டும். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

உன் அக்கா

சிறை
22.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சரண் எழுதுவது. தெம்பு இல்லாததால் எழுத்து கோணலாக இருக்கும், பயப்படாதே. இந்தத் தடவை நலம் என்று எழுதப்போவதில்லை. இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? வெறுந்தரையில் காம்பவுண்டு ஓரம் உட்கார்ந்தாயே, முதுகு என்ன ஆனது?

ஸ்டேஷனில் நீ இருந்திருப்பாய், பார்த்திருப்பாய். இங்கே கேட்டது எப்படி என்று நான் சொல்கிறேன்.

அமீர் பாய் காலையிலேயே கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். தவில் சத்தம் வந்தது. அப்பா வந்தார். "நம்ம ஜமா. நா வேம்புலி பேசறேன். இன்னிக்கு துலுக்கானம் வரமாட்டான். அவன் பூட்டான். ரெண்டு வர்சமா நாந்தான் அவன போவ உடாம வெச்சுனு இருந்தேன்" என்றார். இங்கே மைதானத்தில் சிரிக்கலாமென்று காத்திருந்தவர்கள் அப்படியே அடங்கிவிட்டார்கள்.

ஜோக் சொன்னார், எடுபடவில்லை. ஒரு ஆட்டோக்காரர் வந்து கானா பாடினார், அது பரவாயில்லை. பிறகு கார்டு. ஊரைப் படித்து, கொஞ்சம் நிறுத்தி, பேரையும் அவரே தன் குரலில் படித்தார். துன்னியா இல்லை. ஏதோ ரேஷன் கடையில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன்.

அப்போதுதான், "இது கடேசி கார்டு" என்றார். அது என் கார்டாக இருந்தால் விலாசத்தைப் படிப்பார், சிறை என்று நாலு ஊர் கேட்கச் சொல்வார் என்று நினைத்தேன். அது அவருக்கு எவ்வளவு அவமானம் என்றும் நினைத்தேன்.

"எங்க ஊட்லேர்ந்து…" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. அமீர் பாய் ரேடியோ நின்றுவிட்டது என்று எழுந்தார். நிற்கவில்லை. ஸ்டேஷனில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்பா மூச்சு விடுவது கேட்டது. பேர் அவர் முறை இல்லை அக்கா. மற்ற எல்லார் பேரையும் படித்துவிட்டார், இந்த ஒன்றை அவரால் எடுக்க முடியவில்லை. நேரலையில் அவ்வளவு நேரம் யாரும் சும்மா இருந்து நான் கேட்டதில்லை. எனக்கு அந்த நிமிடத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

கதவு திறக்கிற சத்தம். மைக்குக்குத் தூரத்திலிருந்து ஒரு பெண் குரல்.

"சரண்."

அத்தை வரமாட்டேன் என்று சொன்னதாக நீதானே எழுதியிருந்தாய்? அது வேறு யாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மறுபடி ஃபேன் சத்தம். பிறகு இன்னும் கிட்டத்தில், மைக்கின் மேலேயே வாய் வைத்த மாதிரி,

"துன்னியா?"

அன்பாகக் கேட்கவில்லை அக்கா. எனக்கு நன்றாகக் காது கேட்கும். கோபமாகத்தான் கேட்டார். செருப்பைக் கழற்றி அடிக்கப் போகிறவர் கேட்கிற மாதிரி கேட்டார். மாமா இத்தனை வருஷம் எத்தனையோ பேரைக் கேட்டது விளையாட்டு. அத்தை கேட்டது எனக்குப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அப்பா அழுவது கேட்டது. ஜீவாவாகத்தான் இருக்கும், அவசரமாகத் தவில் சத்தத்தைப் போட்டுவிட்டான்.

அமீர் பாய் போய்க் கஞ்சி கொண்டுவந்தார். குடித்தேன். வாந்தி வந்தது. மறுபடி கொண்டுவந்தார். மறுபடி குடித்தேன். இன்று நாலாவது நாள், காலையில் இட்லி ஒன்றும் கொஞ்சம் சாம்பாரும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். அப்பாவைக் காப்பாற்ற இல்லை, அவ்வளவு நல்லவன் இல்லை நான். அப்பாவுக்குத் தெரியும் என்று நான் சொல்லியிருந்தால், அத்தை அவர் முகத்தில் விழித்திருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அத்தை வீட்டுக்கு யார் வந்துவிட்டுப் போயிருப்பார்கள்? மாமாவை எடுத்துக்கொண்டேன், குரலையாவது விட்டுவைக்கலாம் என்று பார்த்தேன். இப்போது அதுவும் போய்விட்டது. அதற்கும் நான்தான் காரணம்.

அப்பா வருவாரென்றால் வரட்டும். மனு போடட்டும். பேசாவிட்டாலும் பரவாயில்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் உட்காரட்டும்.

அத்தையைப் பார்த்தால் ஒன்று சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லாதே. அழுதேன் என்று சொல்லாதே. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

துன்னேன்னு சொல்.

உன் தம்பி,
சரண்